மாடுலர் அடுக்குமாடி: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற சில வாரங்களில் வந்த கேள்விகளிலிருந்து எடுத்தவை இவை. பாதிக்கு மேல் மார்த்தாண்டத்துக்கும் பார்வதிபுரத்துக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை ஊர்களிலிருந்து வந்தவை. அடுக்குமாடி விளம்பரப் பலகைகளும் அங்கேதான் அடர்ந்து நிற்கின்றன.

*“மாடுலர் கிச்சன் எனக்குத் தெரியும். ‘மாடுலர் டவர்’ என்று விளம்பரம் பார்த்தேன். அது என்ன?” – வாசகி, மார்த்தாண்டம்*

கிச்சனிலிருந்தே தொடங்கலாம். 60 சென்டிமீட்டர் அகலப் பெட்டிகளைப் பட்டறையில் செய்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாகப் பொருத்துகிறார்கள். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் அந்த அளவுக்கு அடங்கிவிடுகின்றன. கட்டடத்திலும் இதே எண்ணம்தான். அளவை முதலில் தீர்மானித்து, துண்டுகளை வேறிடத்தில் செய்து, மனையில் கொண்டுவந்து கோப்பது.

சிக்கல் பெயரில் இருக்கிறது. இந்த ஒரே பெயரில் நான்கு சரக்கு விற்கிறார்கள். தரை, சுவர், கூரை, டைல்ஸ், ஜன்னல் வரை முடித்த முழு அறையைப் பெட்டியாகக் கொண்டுவந்து அடுக்குவது ஒன்று. சுவரையும் தளத்தையும் தனித்தனிக் கான்கிரீட் பலகைகளாக வார்த்து நிறுத்துவது இன்னொன்று, ப்ரீகாஸ்ட் என்பார்கள், தமிழில் முன்வார்ப்பு. குளியலறையை மட்டும் பெட்டியாக வாங்கி வைப்பது மூன்றாவது. நான்காவது, அலுமினியம் அச்சை நிறுத்தி மனையிலேயே சுவரையும் தளத்தையும் ஒன்றாக வார்ப்பது. மைவன் என்று சொல்கிறார்கள். கடைசியில் சொன்னது நல்ல முறைதான். ஆனால் அதில் திரும்பத் திரும்ப வருவது அச்சு மட்டுமே, கட்டடம் மனையில்தான் வார்க்கப்படுகிறது. அதை மாடுலர் என்பது விற்பனையாளரின் தாராள மனம். இந்த நான்கில் எது என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

*“சீனாவில் 19 நாளில் 57 மாடி கட்டினார்களாம். எங்கள் அடுக்குமாடி நான்கு வருடமாக எலும்புக்கூடாக நிற்கிறது. ஏன்?” – வாசகர், வடசேரி*

2015-ல் சாங்ஷா நகரில் கட்டினார்கள், உண்மைதான். ஆனால் 19 நாள் என்பது கோத்து நிறுத்திய நாள் கணக்கு. அதற்கு முன்பு நான்கரை மாதம் தொழிற்சாலையில் 2,736 துண்டுகளைச் செய்திருக்கிறார்கள். கல்யாணச் சாப்பாடு பந்தியில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சமையல்காரர் முந்தின இரவே அடுப்பு மூட்டியிருப்பார்.

நேரம் மிச்சமாவது மெய். மனையில் அஸ்திவாரம் போடும்போதே தொழிற்சாலையில் அறைகள் தயாராகும், இரண்டு வேலையும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்காது. உங்கள் கட்டடம் நிற்பதற்குக் காரணம் கட்டும் முறை என்று எனக்குத் தோன்றவில்லை. பணம் நின்றிருக்கும். அதற்கு மாடுலர் மருந்து அல்ல. சொல்லப்போனால் இந்த முறையில் தொழிற்சாலைக்கு ஆரம்பத்திலேயே பெரும் தொகை கட்டியாக வேண்டும், கைமாற்றி ஓட்டுகிறவர்களால் தாங்க முடியாது.

*“என் தம்பி சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கிறான். அங்கே முழு அறையையே கிரேனில் தூக்கி வைப்பதாகச் சொல்கிறான். நாகர்கோவிலில் அப்படி நடக்குமா?” – வாசகர், சுங்கான்கடை*

உங்கள் தம்பி சொல்வது சரி. அங்கே கிளமென்ட் கேனபி என்ற 40 மாடி இரட்டைக் கோபுரத்தை 1,800-க்கும் மேற்பட்ட பெட்டிகளால் கட்டி 2019-ல் முடித்தார்கள். 2014 முதல் அரசு விற்கும் சில மனைகளில் இந்த முறையில்தான் கட்ட வேண்டும் என்று நிபந்தனையே உண்டு. காரணம் அழகியல் இல்லை. கட்டுமான வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை நம்பியிருக்கும் நாடு அது. மனையில் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கிறது. நம் ஊரிலும் கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டதால் ஆசை வருவது இயல்பு.

இங்கே இடறுவது சாலை. ஒரு கணக்குப் போடுங்கள். 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 10 சென்டிமீட்டர் கனம் உள்ள கான்கிரீட் பெட்டி. வாசல், ஜன்னலைக் கழித்தாலும் ஏறக்குறைய 20 டன். நம் மோட்டார் வாகன விதியில் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தனி அனுமதி, முன்னும் பின்னும் காவல் வண்டி, இரவுப் பயணம். ஆரல்வாய்மொழி வழியாகக் காற்றாலை இறக்கை போவதைப் பார்த்திருப்பீர்கள். அது நீளம், வளைவில் மட்டும் மற்றவர்களை நிறுத்தும். அகலமான பெட்டியோ வழி முழுக்க எதிர்வண்டியை நிறுத்தும். ஒரு கோபுரத்துக்கு அப்படி ஐந்நூறு பயணம் வேண்டும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் மதிலும் தெங்கும் நிற்கும் நம் ஊர்ச் சாலைகளில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே முழுப் பெட்டிக்கு இப்போதைக்கு இல்லை என்பதே என் பதில். பலகைகளும் குளியலறைப் பெட்டிகளும் லாரியில் வரும். அவற்றுக்கு வழி உண்டு.

*“துண்டு துண்டாகக் கோத்தது விழாதா? நேராகச் சொல்லுங்கள்.” – ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை*

விழுந்திருக்கிறது, அம்மா. 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் நடந்தது. ஆட்கள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. விடியற்காலையில் 18-ஆவது மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்து நின்ற எரிவாயு வெடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வெடித்த வேகம் வெளிச்சுவர்ப் பலகையை வெளியே தள்ளிவிட்டது. அந்தப் பலகையின்மேல் நின்ற மாடிகள் இறங்கின. அவை விழுந்த அடியில் கீழ்மாடிகளும் போயின. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை காணாமல் போனது. நால்வர் இறந்தார்கள். பின்னர் 1986-ல் கட்டடத்தைப் பிரித்தபோது, கலவை நிரம்பியிருக்க வேண்டிய மூட்டுகளில் பழைய செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள்.

பலகைகள் உறுதியாகத்தான் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பிடித்துவைக்கப் போதிய கட்டு இல்லை. அதன்பிறகு, ஓரிடத்தில் ஒரு சுவர் போனாலும் சேதம் அந்த இடத்தோடு நிற்கும்படி கட்டடத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் கம்பியால் கட்டிப்போட வேண்டும் என்பது விதியானது. இந்தியாவில் முன்வார்ப்புக் கட்டடங்களுக்கு ஐ.எஸ். 15916 என்ற தனி விதித்தொகுப்பு இருக்கிறது.

இதை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் ஒரு மனையில் வேலை பார்த்த காலம். சுவர்ப் பலகையின் அடியில் இரும்புக் குழல்கள் பதிந்திருக்கும். கீழ்மாடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெருவிரல் கனமுள்ள கம்பிகள் அந்தக் குழல்களுக்குள் நுழையும். ஒவ்வொரு குழலுக்கும் சுவர் முகப்பில் இரண்டு துளைகள். கீழ்த் துளையில் கிரவுட் என்ற, இடுக்கை நிரப்பும் சிமென்ட் கலவையைப் பம்ப் செய்வோம். மேல் துளையில் குமிழி நின்று, கூழ் போலத் திரண்டு வழிந்ததும் அடைப்பானைத் தட்டி மூடுவோம். ஒரு நாள் வரிசையில் 16 துளை. 15 வழிந்தன, ஒன்று வழியவில்லை. மேற்பார்வையாளர், “மூடிவிட்டுப் போங்கள், ஒன்றுதானே” என்றார். என்னுடன் இருந்த ஃபோர்மேன் குலசேகரத்துக்காரர். கட்டுக்கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினார். பழுப்பு நிறத்தில் ஒரு காகிதச் சுருள் வந்தது, சிமென்ட் மூட்டையின் கிழிசல். அரை நாள் போயிற்று. மேற்பார்வையாளர் எங்களுடன் இரண்டு வாரம் பேசவில்லை.

ஆகவே, ஒழுங்காகச் செய்தால் விழாது. ஒழுங்காகச் செய்தார்களா என்பதற்கு மூட்டுவாரியாகப் பதிவேடு இருக்கும். எந்த மூட்டு, எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று. அது இல்லாத கட்டடத்தில் நானாக இருந்தால் வாங்கமாட்டேன்.

*“கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர். உப்புக்காற்றுக்கும் மழைக்கும் தாங்குமா?” – வாசகர், குளச்சல்*

இரண்டு பாகமாகச் சொல்ல வேண்டும். கான்கிரீட்டைப் பொறுத்தவரை தொழிற்சாலையில் வார்த்தது பெரும்பாலும் மேல். ஐ.எஸ். 456 விதிப்படி கடலோரத்தில் குறைந்தது எம் 30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட், கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனம் வேண்டும். அலைத்துளி படும் இடமென்றால் எம் 35, 50 மில்லிமீட்டர். மனையில் கம்பிக்கு அடியில் சல்லிக்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு மூடுகனம் சரியாக இருக்கிறது என்பவர்களை எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் அந்தத் தவறு குறைவு.

மூட்டைப் பொறுத்தவரைதான் கவலை. நமக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை. இரண்டுமே நேராக விழாது. 2017-ல் ஓகி வந்த இரவில் ஜன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் கட்டிலுக்கு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பலகைகளுக்கு இடையே வெளிப்புறம் பூசும் சீலன்ட் ரப்பர்போல இளகி நிற்க வேண்டியது. வெயிலும் உப்பும் பட்டு, பத்துப் பதினைந்து ஆண்டில் காய்ந்து வெடித்துவிடும், அதை உரித்துப் புதிதாகப் போட வேண்டும். நல்ல வடிவமைப்பாளர் அதை மட்டும் நம்பமாட்டார். முதல் அடைப்பைத் தாண்டி வரும் நீர் விழ ஒரு வெற்றிடம், அதிலிருந்து வெளியே வடிய வழி, அதற்கும் பின்னால் இரண்டாவது அடைப்பு என்று வைப்பார். ‘சீலன்ட் போட்டிருக்கிறோம்’ என்பதோடு பேச்சை முடித்தால் அந்த வெற்றிடம் எங்கே என்று கேளுங்கள். பன்னிரண்டாவது மாடியில் கயிற்றில் தொங்கி சீலன்ட் மாற்ற ஆகும் செலவுக்குப் பராமரிப்பு நிதியில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

*“ஹாலுக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள சுவரை எடுக்கலாமா?” – வாசகி, ஆசாரிப்பள்ளம்*

பலகைக் கட்டடமோ மைவனோ என்றால் கூடாது. அந்தச் சுவர்தான் மேல்வீட்டைத் தாங்குகிறது. ஏ.சி. குழாய்க்கு ஓட்டை போடுவதற்குக்கூட வரைபடத்தைப் பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள்.

*“டோக்கியோவில் அறையைக் கழற்றி மாற்றும் கட்டடம் இருந்ததாமே? நம் வீட்டையும் இருபது வருடம் கழித்து அப்படி மாற்றிக்கொள்ளலாமா?” – கொல்லங்கோட்டுக்காரர், இப்போது ஷார்ஜா*

நகாகின் கேப்சூல் டவரைச் சொல்கிறீர்கள். கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972-ல் முடிந்தது. இரண்டு கோபுரத் தண்டுகள், அவற்றில் நான்கு நான்கு போல்ட்டுகளில் மாட்டிய 140 சிறு அறைகள். 25 ஆண்டுக்கு ஒருமுறை அறைகளை மாற்றுவது திட்டம். ஒன்றுகூட மாற்றப்படவில்லை. 2022-ல் பிரித்துவிட்டார்கள்.

ஏன் என்பதற்குக் கோட்டாறு கடைவீதியில் விடை இருக்கிறது. அங்கே பழைய கடைகளுக்கு ஷட்டர் கிடையாது, நிரைப்பலகைதான். காடியில் ஒவ்வொன்றாகச் செருகும் பலகை. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதியிருக்கும். என் தாத்தா காலையில் கடை திறக்கும்போது எண் மாறாமல் எடுத்துச் சாத்தி வைப்பது என் வேலை. கடைசியாகச் செருகியதைத்தான் முதலில் எடுக்க முடியும். ஐந்தாம் எண் பலகையை கரையான் அரித்தால், அதை மட்டும் உருவ முடியாது. டோக்கியோவில் நடந்ததும் இதுதான். காகிதத்தில் ஒவ்வோர் அறையும் தனி. நடைமுறையில் கீழே உள்ளதைக் கழற்ற மேலே உள்ளவற்றை எடுக்க வேண்டும், அதற்கு அத்தனை உரிமையாளர்களும் ஒரே நாளில் சம்மதிக்க வேண்டும். தாத்தாவுக்காவது உரிமையாளர் அவர் ஒருவர்தான்.

*“எனக்கு 25 சென்ட் இருக்கிறது. பில்டருடன் கூட்டாக ஆறு தளம் கட்ட எண்ணம். மாடுலர் பொருந்துமா?” – வாசகர், நாகர்கோவில்*

பெட்டி முறை பொருந்தாது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டர் உயரம் வரை சாதாரணக் கட்டடம். அதைத் தாண்டினால் உயர்மாடி. பக்கவாட்டு இடம், சாலை அகலம், தீயணைப்பு எல்லாமே கடுமையாகும். தளத்துக்கு 3 மீட்டர் வைத்தால் ஆறு தளம் 18 மீட்டர், உள்ளே நிற்கும். பெட்டியை அடுக்கும்போது கீழ்ப்பெட்டியின் கூரைமேல் மேற்பெட்டியின் தரை உட்காரும். தளத்துக்கு 12 சென்டிமீட்டர் கூடினாலே 18.72. அந்த 42 சென்டிமீட்டருக்காக மனையில் பாதியை இழப்பீர்கள்.

ஆனால் மாடுலர் சிந்தனை உங்களுக்கு நிச்சயம் பயன்படும், அதற்குத் தொழிற்சாலை தேவையில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 100 மில்லிமீட்டரை அடிப்படை அலகாக வைக்கச் சொல்கிறது. அறை அளவுகளை 300-இன் மடங்குகளில் வையுங்கள். டைல்ஸ் வெட்டுவது குறையும். குளியலறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே குழாய்ச் சந்தில் நிறுத்துங்கள். ஆறு தளத்துக்கும் ஒரே ஜன்னல், ஒரே கதவு. ஆசாரி ஒரு அளவை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். பால்காய்ப்பு முடிந்தபின் கீழ்வீட்டு விதானத்தில் ஈரம் கண்டால் எந்தக் குழாய் என்று தேடவும் வேண்டாம்.

உங்கள் மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால், எட்டு வீட்டுக்கு மேல் விற்பதாக இருந்தால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு உண்டு. கட்டமைப்புக் குறைகளுக்கு வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு பில்டரே பொறுப்பு.

*“கன்னி மூலையில் படுக்கையறை வராத வீட்டையே எல்லா மாடியிலும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்...” – வாசகர், இரணியல்*

ஒரு பக்கம் வலது, மறுபக்கம் இடது என்று கண்ணாடி பிம்பமாகத் திருப்புவதால் பாதி வீடுகளுக்குக் கன்னி மூலை மாறத்தான் செய்யும். மற்றப் பாதியில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

*“கட்டடக்கலை மாணவி நான். தமிழ்நாட்டில் எங்கே போய்ப் பார்க்கலாம்?” – வாசகி, அருமனை*

சென்னை பெரும்பாக்கத்துக்குப் போங்கள். புதிய கட்டுமான முறைகளை முயன்று காட்டும் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் முன்வார்ப்பு முறையில் கட்டிய 1,152 வீடுகள், தரைத்தளமும் ஐந்து மாடிகளும். 2022 மே மாதம் திறந்தார்கள். ராஞ்சியில் இதே திட்டத்தில் முழுப் பெட்டி முறையில் 1,008 வீடுகள் இருக்கின்றன, முடிந்தால் அதையும் ஒப்பிடுங்கள். பெரும்பாக்கத்துக்கு ஐப்பசியில், அடைமழை பிடித்த நாளாகப் பார்த்துப் போவது நல்லது. குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று, பலகைகள் சேரும் கோடுகளில் நீர் எப்படி இறங்குகிறது என்று அரை மணி நேரம் பாருங்கள். பிறகு குடியிருப்பவர் யாரிடமாவது அனுமதி கேட்டு, அதே கோட்டின் உட்பக்கத்தை ஒரு முறை தடவிப் பாருங்கள்.