நெதர்லாந்துக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் யாப் ஸ்டாம் ஏன் இத்தனை கிளப் மாறினார்?

மான்செஸ்டர் யுனைடெட் அவரை ஏன் விற்றது என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது. ஸ்வோல்லேயில் தொடங்கி காம்பியூர், வில்லெம் 2, பிஎஸ்வி என்று நெதர்லாந்திலேயே படிப்படியாக ஏறி, 1998-ல் மான்செஸ்டர் வந்தார். மூன்று சீசன், மூன்று லீக் பட்டம். 1999-ல் ஐரோப்பிய கிளப்புகளின் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வேறு. 2001-ல் அவருடைய சுயசரிதை வெளிவந்த கையோடு இத்தாலியின் லாசியோ கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். புத்தகம்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். குதிகால் காயத்துக்குப் பிறகு வேகம் குறைந்துவிட்டது, 29 வயதுக்காரருக்கு நல்ல விலை வந்தது என்பது அப்போதைய மான்செஸ்டர் மேலாளர் ஃபெர்குசனின் கணக்கு. அது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஸ்டாம் தளரவில்லை என்பதற்கு இத்தாலியே சாட்சி: லாசியோவோடு 2004 இத்தாலியக் கோப்பை, அப்புறம் மிலான், 2005-ல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. கடைசியாக நெதர்லாந்தின் அயாக்ஸ், 2007-ல் ஓய்வு.