இங்கிலாந்தில் பப்புகளில் நடக்கும் உள்ளூர் வரலாற்றுப் பேச்சுகளுக்குப் போவது பயனுள்ளதா?

தயங்காமல் போங்கள். இலண்டனில் குடியேறிய நாளிலிருந்து இத்தகைய பேச்சுகளுக்குச் சென்றுவரும் எனக்கு, நான் வாழும் தெருவை அறிமுகப்படுத்தியவை அவைதாம்.

குடிக்கும் இடத்தில் என்ன கல்வி நடக்கும் என்ற ஐயம் நம்மவர்களுக்கு எழுவது இயல்பே. ஆனால் ஊர்ப் பொது வேலைகள் பலவற்றுக்கும் இந்நாட்டில் பப்பே கூடமாக இருந்திருக்கிறது. ஐயத்துக்குரிய மரணங்களைப் பற்றிய விசாரணைகள்கூட நெடுங்காலம் அங்கேதான் நடைபெற்றன. தகுந்த வேறிடம் இருக்கும்போது பப்பில் விசாரணை நடத்தக் கூடாது என்று 1902ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அவ்வழக்கம் ஓய்ந்தது.

கிழக்கு இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், நெசவாளர்கள் பலரை உறுப்பினராகக் கொண்டு 1717இல் தோன்றிய கணிதச் சங்கம் பப்பில்தான் கூடியது. ஓர் உறுப்பினர் ஐயம் கேட்டால், விடை தெரிந்தவர் தம்மால் இயன்ற அளவு எளிமையாக அதை அவருக்கு விளக்கியாக வேண்டும் என்பது அச்சங்கத்தின் விதி. 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில் நெசவாளர்களும் பிற கைத்தொழிலாளர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பப்பில் கூடி, தாம் பறித்து வந்த செடிகளை மேசையில் குவித்து, ஒவ்வொன்றின் இலத்தீன் பெயரையும் கற்றுக்கொண்டார்கள். சந்தாப் பணத்தில் ஒரு பங்கு நூல்கள் வாங்கவும் மறு பங்கு மது வாங்கவும் செலவானது. அந்த மதுச்செலவே அறைக்கான வாடகையாகக் கருதப்பட்டது. அந்த வட்டத்தைச் சேர்ந்த, செருப்புத் தைத்துப் பிழைத்த ரிச்சர்ட் பக்ஸ்டன், மான்செஸ்டர் சுற்றுவட்டாரத்துத் தாவரங்களைப் பற்றி 1849இல் ஒரு கையேட்டையே வெளியிட்டார்.

இன்றைய ஏற்பாடும் பெரும்பாலும் அதே முறைதான். கூட்டம் குறைவான வார நாள் மாலையில் மாடியறையைப் பப் நடத்துபவர் இலவசமாகவோ சிறு தொகைக்கோ தருகிறார். வந்தவர்கள் வாங்கும் பானங்களால் அவருக்கு வருமானம் கிடைக்கிறது. மது அருந்தியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் எலுமிச்சைச் சோடா வாங்கிக்கொண்டு அமர்வேன், அதை யாரும் வித்தியாசமாகப் பார்த்ததில்லை.

பேச்சின் மெய்யான பயன், என் கருத்தில், கேட்க வந்தவர்கள் வாய் திறக்கும்போதே தொடங்குகிறது. பேச்சாளர் பழைய நிலவரைபடங்களையும், 1841 முதல் வீடுதோறும் ஆட்களின் பெயர்களைப் பதிவுசெய்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களையும் வைத்துக்கொண்டு, எந்த வீட்டில் யார் இருந்தார், என்ன தொழில் செய்தார் என்று விளக்குவார். ஆனால் நூறாண்டு கழிந்த பின்பே அத்தாள்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதால், 2022இல் வெளியான 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு அந்தத் தடம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய காலத்தைச் சொல்ல அறையில் இருப்பவர்கள்தாம் வேண்டும். திரையில் காட்டப்பட்ட ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்த மூதாட்டி ஒருவர், அது பேச்சாளர் குறிப்பிட்ட தெரு அன்று, அடுத்த தெரு என்று கூறி, அங்கிருந்த சலவைக்கூடத்தில் தம் தாயார் வேலை செய்ததை விவரித்தபோது, பேச்சாளர் உரையை நிறுத்திவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். பல்கலைக்கழக அரங்கில் அந்த மூதாட்டி கை உயர்த்தியிருப்பாரா என்பது எனக்கு ஐயமே.

குறைகளும் உண்டு. மாடியறைகளுக்கு மின்தூக்கி இருப்பது அரிது. மதுவிருக்கும் இடத்தில் கால் வைக்க விரும்பாத சமயத்தவர்கள் வருவதில்லை. அதனால் ஊர் வரலாறு என்ற பெயரில், நெடுங்காலம் அங்கு வாழ்ந்த வெள்ளையர்களின் நினைவுகளே மிகுதியாகச் சேர்கின்றன. இலண்டனின் டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் கடை நடத்தி, கோயில் கட்டி, பிள்ளைகளை வளர்த்த தமிழர்களின் நினைவுகளும் அந்தந்த ஊரின் வரலாறுதானே? அவற்றைச் சொல்ல நாம் அந்த அறைகளில் இருக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

பப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருவதால் இந்த அறைகளும் குறைந்து வருகின்றன. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு கட்டடம் சமூகச் சொத்தாகப் பட்டியலிடப்பட்டால், அது விற்பனைக்கு வரும்போது வாங்கும் முயற்சிக்கு ஊர்மக்கள் ஆறு மாத அவகாசம் பெறலாம். தென்கிழக்கு இலண்டனின் நன்ஹெட் பகுதி மக்கள் ‘ஐவி ஹவுஸ்’ என்ற பப்பை 2013இல் இவ்வழியில்தான் வாங்கி மீட்டார்கள்.

உங்கள் பகுதியில் எப்போது பேச்சு நடக்கிறது என்பதைப் பொது நூலகத்திலோ உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திலோ கேட்டால் சொல்வார்கள். படியேற இயலாதவர் உடன் வருவதாக இருந்தால், அறை எந்தத் தளத்தில் உள்ளது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.