‘முடியாது’ என்றதும் சாவி எங்கே போகிறது?

கேள்வி: செய்திகளையும் விதிகளையும் கொண்டு நிரல் எழுதும் புரோலாக் மொழியில், கட்டளைகளைத் தட்டச்சிட்டு ஆடும் ஒரு தமிழ்க் கதைவிளையாட்டு எழுதுகிறேன். பை நிறைந்திருக்கும்போது ‘சாவியை எடு’ என்றால், ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுச் சாவியையே காணாமல் ஆக்கிவிடுகிறது. கதைவிளையாட்டுக்கென்றே உள்ள டயலாக் மொழிக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். சாவி அறையில் இருக்கிறது என்ற செய்தியை ரிட்ராக்ட் கட்டளையால் அழித்த பிறகு பையில் இடம் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இடமில்லை என்றதும் புரோலாக் பின்வாங்கி வேறு வழி தேடும். அப்போது மாறிகள் (மதிப்பை ஏற்கும் பெயர்கள்) பழைய நிலைக்குப் போய்விடும். ரிட்ராக்ட் அழித்த செய்தி மட்டும் திரும்பி வராது. பலரும் இடறும் இடம் இது. சோதிப்பதைத் தனி விதியாக்குங்கள்:

எடுக்கலாம்(_பொருள்) :- இடம்(நான், _அறை), இடம்(_பொருள், _அறை), பையில்_இடமுண்டு.

இது தேறிய பிறகுதான் ரிட்ராக்ட், புதிய செய்தியைச் சேர்க்கும் அசெர்ட் இரண்டும். புரோலாக்கில் மாறி பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். தமிழில் ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து இல்லாததால் மாறிக்கு முன்னால் அடிக்கோடு தேவை, அதை மறந்துவிடாதீர்கள்.

லீனஸ் ஓகெசோன் 2018-இல் வெளியிட்ட டயலாக் அருமையான மொழி. புரோலாக்கின் வழியில் வந்தது, கதைவிளையாட்டுகளை ஓட்டும் மெய்நிகர் இயந்திரமான இசட்-மெஷினில் ஓடும் கதைக்கோப்பையே தந்துவிடும். ஆனால் அதன் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஆங்கிலக் கட்டளைகளுக்காக எழுதப்பட்டது. தமிழுக்கு அந்தப் பகுதியை நீங்களே திருப்பி எழுத வேண்டிவரும்.

கட்டளையைப் புரிந்துகொள்வதில் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். ‘சாவியைப் பெட்டியில் வை’, ‘பெட்டியில் சாவியை வை’ இரண்டும் ஒன்றே. எனவே சொல் வரிசையை இலக்கண விதியாக எழுதாதீர்கள். கடைசிச் சொல்லை வினையாக எடுங்கள். மற்றவற்றின் பங்கை வேற்றுமை உருபு சொல்லிவிடும். உருபை வெட்டிப் பிரிக்கும் நிரல் எழுதப் போனால் மரம் ‘மரத்தை’ ஆகும், வீடு ‘வீட்டில்’ ஆகும், நிரல் வீங்கிவிடும். சிறிய விளையாட்டுக்கு ஒவ்வொரு வடிவத்தையும் செய்தியாகவே எழுதிவிடுவது நல்லது: சொல்(சாவியை, சாவி, இரண்டாம்_வேற்றுமை). தேடும் முன் சொல்லின் கடைசியில் ஒட்டும் க், ச், த், ப் ஆகியவற்றை மட்டும் நீக்குங்கள். இல்லாவிட்டால் ‘சாவியைப்’ என்று சரியாக எழுதும் ஆட்டக்காரருக்குத்தான் ‘புரியவில்லை’ என்ற பதில் போகும்.

திருத்திய பின், ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு, செய்திகளைப் பட்டியலிடும் லிஸ்டிங் கட்டளையைக் கொடுத்து ‘இடம்’ செய்திகளைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளும் அடைப்புக்குறிக்குள் முதல் பெயராக ஒரே ஒரு வரியில்தான் வர வேண்டும். வராத பொருளும் இரண்டு முறை வரும் பொருளும் எந்த விதியில் பிழை என்று காட்டிக்கொடுக்கும்.