எஃப்எல் ஸ்டுடியோவில் பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது, ரேம் கூட்டினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள்.

நீங்கள் சொன்னது இதுதான்: ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11, எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசையமைப்பு மென்பொருள். பிளே தட்டினால் பாட்டு கரகரவென்று திக்கித் திக்கி வருகிறது, டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிபியு 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை, கடையில் கேட்டால் 16 ஜிபி போட்டுவிடுங்கள் என்கிறார்கள். அந்த 30 சதவீதத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். டாஸ்க் மேனேஜர் காட்டுவது சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லாக் கோர்களுக்கும் சேர்த்து எடுத்த சராசரி. ஆடியோவுக்குச் சராசரியால் ஒரு பயனும் இல்லை, அதற்கு வேண்டியது நேரம் தவறாமை.

சாம்பிள் ரேட் (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை சாம்பிள், அதாவது எத்தனை சிறு அளவீடு என்பது) 44100, பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்துக் கொடுக்கும் சாம்பிள்) 512 என்று வைத்திருந்தால், 11.6 மில்லிநொடிக்கு ஒருமுறை அடுத்த 512 சாம்பிளையும் கணக்குப் போட்டு டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) கையில் கொடுத்தாக வேண்டும். பஃபரை 128 ஆக்கினால் அந்த அவகாசம் 2.9 மில்லிநொடிதான். கல்யாணப் பந்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், சமையல்கட்டில் அண்டா நிறையச் சோறு இருந்து என்ன, இலை காலியாகும் நேரத்துக்குப் பரிமாறுகிற ஆள் வந்து நிற்கவில்லை என்றால் சாப்பிடுகிறவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த வெற்று நேரம்தான் காதில் 'டிக்' என்று விழுகிறது. எஃப்எல் ஸ்டுடியோவின் ஆடியோ செட்டிங்ஸில் அண்டர்ரன்ஸ் என்று ஓர் எண் இருக்கும், இப்படி எத்தனை முறை ஆனது என்பதன் கணக்கு அது. எதை மாற்றினாலும் அந்த எண் ஏறுகிறதா நிற்கிறதா என்று பாருங்கள், "கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கே" என்று காதை நம்பி ஊகிக்க வேண்டியதில்லை.

செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன்னால், திக்கல் எப்படி வருகிறது என்று ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், அதாவது கோரஸ் தொடங்கும் அதே பாரில் (தாளச் சுற்றில்) வந்தால் அந்த இடத்தில் ஏதோ ஒரு ப்ளகின் (மென்பொருளுக்குள் சேர்க்கும் வாத்தியமோ எஃபெக்டோ) மூச்சுத் திணறுகிறது. முதல் முறை ஓட்டும்போது திக்கி, அதே பகுதியைத் திரும்ப ஓட்டினால் சுத்தமாக வந்தால் டிஸ்க்தான் காரணம், இரண்டாவது முறை அந்த ஒலிப்பதிவுகள் (இவற்றையும் சாம்பிள் என்பார்கள்) ஏற்கெனவே மெமரியில் இருக்கின்றன. இடம் பொருள் ஏவல் இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் வந்தால், ஒரு காலி ப்ராஜெக்டில் ஒரே ஒரு வேவ் ஃபைலைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், அதிலும் வந்தால் உங்கள் பாட்டின் மேல் குற்றமே இல்லை, டிரைவரோ விண்டோஸோதான். ஆரம்பத்தில் ஒழுங்காக ஓடி, ஃபேன் இரைய ஆரம்பித்த பிறகு வந்தால் சூடு. கரண்ட் போன நிமிடத்திலிருந்து வந்தால் சொல்லவே வேண்டாம், லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது சிபியுவின் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும்.

இன்னொரு சோதனையும் உண்டு, பலர் இதைச் செய்வதே இல்லை. பாட்டை வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, சாதாரண பிளேயரில் கேளுங்கள். எக்ஸ்போர்ட் ஆகும்போது கெடு எதுவும் கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். அதனால் ஃபைல் சுத்தமாக இருந்தால் பிரச்சினை பிளேபேக்கில் மட்டும்தான். ஃபைலிலும் கரகரப்பு இருந்தால் அது திக்கலே அல்ல, பெரும்பாலும் மாஸ்டர் (எல்லா டிராக்கும் கடைசியில் சேரும் இடம்) 0 டெசிபலைத் தாண்டி கிளிப் ஆகிறது, அதாவது ஒலியின் உச்சி வெட்டுப்படுகிறது, மீட்டர் சிவப்பில் நிற்கும். அதற்குப் பஃபரைக் கூட்டிக்கொண்டிருந்தால் ஜென்மத்துக்கும் தீராது.

சரி, இப்போது டிரைவர். ஏசியோ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த டிரைவர் முறை, விண்டோஸின் மிக்ஸரைச் சுற்றிக்கொண்டு போகாமல் மென்பொருளும் சவுண்ட் கார்டும் நேரடியாகப் பேசிக்கொள்வதற்காக. உங்களிடம் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஹெட்போன் செருகும் வெளிப்பெட்டி) இருந்தால், அதைத் தயாரித்தவர்கள் கொடுக்கும் ஏசியோ டிரைவரை மட்டும் போடுங்கள். யாரோ யூடியூபில் சொன்னார்கள் என்று அதன் மேல் ஏசியோ ஃபார் ஆலையும் போட வேண்டாம். அது சொந்த ஏசியோ டிரைவர் இல்லாத சாதனங்களுக்கு விண்டோஸ் டிரைவரின் மேல் போர்த்துகிற உறைதான். இன்டர்ஃபேஸ் இல்லை என்றால் எஃப்எல் ஸ்டுடியோ ஏசியோவே போதும். பின்னால் பிரவுசரில் வேறொரு பாட்டு 48000-இல் ஓட, உங்கள் ப்ராஜெக்ட் 44100-இல் நிற்க, இரண்டும் ஒரே சவுண்ட் கார்டுக்கு அடித்துக்கொள்வதும் நடக்கும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸிலும் ப்ராஜெக்டிலும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்கட்டும், மிக்ஸ் செய்யும்போது பிரவுசரை மூடிவிடுங்கள்.

பஃபர் விஷயத்தில் எனக்குப் புரியாத ஒன்று, 128-இல் ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்வதில் பலருக்கு இருக்கிற பெருமை. குரலோ கீபோர்டோ பதிவு செய்யும்போது 128, 256 தேவைதான், இல்லாவிட்டால் பாடுகிறவருக்கு ஹெட்போனில் தன் குரலே தாமதமாகக் கேட்டுச் சுருதி தாளம் இரண்டும் போகும். பதிவு முடிந்து மிக்ஸுக்கு வந்துவிட்டால் 1024, ஏன், 2048-கூட வைக்கலாம், பிளே தட்டியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் 46 மில்லிநொடி போனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒலியின் தரத்தில் இதனால் ஒரு வித்தியாசமும் வராது. உங்கள் திக்கல் 1024-இலேயே நின்றுவிட்டால் இதற்கு மேல் படிக்காமல் வேலையைப் பாருங்கள்.

நிற்கவில்லை என்றால், காலி ப்ராஜெக்டிலும் திக்குகிறது என்றால், எந்த டிரைவர் சிபியுவை அதிக நேரம் பிடித்து வைக்கிறது என்று காட்டும் லேடன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். மதுரையில் வீட்டிலேயே பக்திப் பாடல்கள் பதிவு செய்கிற நண்பர் ஒருவருக்கு இதே தொல்லை. வெறும் மெட்ரோனோமை ஓட்டினாலே சில நொடிகளுக்கு ஒருமுறை 'சட்' என்று ஒரு வெட்டு. லேடன்சிமானை ஓடவிட்டோம், பச்சையில் கிடந்த பட்டை திடீரென்று எகிறிச் சிவப்பானது. டிரைவர்கள் பட்டியலை அதிக நேரம் எடுத்தவை மேலே வரும்படி அடுக்கியதும் முதல் வரிசையில் நின்றது விண்டோஸின் நெட்வொர்க் டிரைவர். ஏரோபிளேன் மோடைப் போட்டார், அவ்வளவுதான், பட்டை அதன் பிறகு பச்சையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு முறை வைஃபை கார்டு எதையோ தேடும்போதும் அதன் டிரைவர் சிபியுவைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் ஆடியோவுக்கு முறை வரவில்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புது வைஃபை டிரைவர் போட்டதும் பெருமளவு சரியானது, இருந்தாலும் பதிவு செய்யும்போது வைஃபையை அணைத்துவிடுகிறார்.

உங்களுக்கு வேறு பெயர் மேலே வரலாம். 'என்வி' என்று தொடங்கினால் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர், 'ஏசிபிஐ' என்றால் பேட்டரி, பவர் சம்பந்தப்பட்டது. எதுவாக இருந்தாலும் முதலில் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தைத் தற்காலிகமாக முடக்கிப் பாருங்கள் (கிராஃபிக்ஸையும் டிஸ்க்கையும் தவிர), டிரைவர் தேடி அலைவது பிறகு. கண்ட்ரோல் பேனலில் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள், யூஎஸ்பி சாதனங்களைத் தூங்கவிடும் ஆப்ஷன் இருந்தால் அதை நிறுத்துங்கள், இன்டர்ஃபேஸை மலிவு விலை ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். சிபியுவின் குறைந்தபட்ச வேகத்தை 100 சதவீதமாக வைக்கச் சொல்வார்கள், அதை நான் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். மெலிசான லேப்டாப்பில், அதுவும் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில், அது சூட்டைத்தான் ஏற்றும், சூடு எல்லை மீறினால் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும், எதற்காக வைத்தோமோ அதற்கு நேர்மாறாகப் போய் முடியும். லேப்டாப்பின் அடியில் காற்று போக இடம் விடுங்கள், மெத்தை மேல் வைத்து மிக்ஸ் செய்யாதீர்கள்.

ஒரே இடத்தில் திக்குகிறது என்றால் ப்ளகின். இங்கேதான் அந்த 30 சதவீதத்துக்கு அர்த்தம் விளங்கும். ஒரே டிராக்கில் ஆறு ப்ளகின் வரிசையாக நின்றால், முதலாவது முடித்துக் கொடுத்த பிறகுதான் இரண்டாவது தொடங்க முடியும், எனவே அந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. எட்டு கோரில் ஒன்று முழுதாக முட்டிக்கொண்டு நிற்க, மற்ற ஏழும் சும்மா இருந்தால் டாஸ்க் மேனேஜர் காட்டுவது ஏறக்குறைய 12 சதவீதம்! பெரும்பாலும் மாஸ்டரில்தான் இந்தக் கூட்டம் இருக்கும், பாட்டு முடிவதற்கு முன்பே மாஸ்டரிங் சங்கிலியை (கடைசி மெருகுக்கான ப்ளகின் வரிசையை) போட்டுக்கொண்டு இசையமைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அதை முழுவதும் அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ப்ளகினுக்குள் ஓவர்சாம்ப்ளிங் (சாம்பிள் ரேட்டைப் பல மடங்காக்கிக் கணக்குப் போடுவது) 8 மடங்கு என்றிருந்தால் வேலை செய்யும்போது அணைத்துவைத்து, எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் போடுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் மல்டித்ரெட் ஆப்ஷன்களும் (வேலையைக் கோர்களுக்குப் பிரிப்பவை) ஸ்மார்ட் டிசேபிளும் (சும்மா இருக்கும் ப்ளகினை நிறுத்திவைப்பது) ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிவாகிவிட்ட சிந்த் (ஒலியைக் கணக்குப் போட்டு உருவாக்கும் வாத்தியம்) டிராக்கை ஆடியோவாக மாற்றிவிடுவது, இதைத்தான் மற்ற மென்பொருள்களில் ஃப்ரீஸ் என்கிறார்கள், பெரிய நிவாரணம். மனசு வராது, நாளைக்கு மெலடி மாற்றத் தோன்றினால் என்ன செய்வது என்று இருக்கும். ப்ராஜெக்டை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது ரேம். கான்டாக்ட் மாதிரி சாம்பிளர்கள் (பதிவு செய்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் ப்ளகின்கள்) ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் மெமரியில் வைத்துக்கொண்டு மிச்சத்தை டிஸ்க்கிலிருந்து அப்போதைக்கப்போது எடுக்கும். அந்த ஒலிகளின் லைப்ரரி பழைய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால், இருபது வயலின் சுரங்கள் ஒரே நேரத்தில் கேட்கும்போது அதன் முள் எத்தனை இடத்துக்குத்தான் ஓடும்? லைப்ரரியை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் இது தீர்ந்துவிடும். மெமரியே நிரம்பி வழிவது வேறு விஷயம், அப்போது விண்டோஸ் டிஸ்க்கைத் துணைக்கு இழுக்கும், அதற்குத்தான் ரேம் மருந்து. ப்ராஜெக்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியுவை விட்டுவிட்டு மெமரியைப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது என்றால் கடைக்காரர் சொன்னதைக் கேளுங்கள். 60, 70 என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள், அதுவும் உங்கள் திக்கல் இரண்டாவது முறை ஓட்டும்போது மறைகிற வகையாக இருந்தால் மட்டும்.