தம்பியின் தலைக்கவசமும் மிளகு ரசமும்

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 57. என் தம்பி கலிஃபோர்னியாவில் 22 வருடம் வேலை பார்த்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன மாசியில் மாரடைப்பில் போய்விட்டான். அங்கேயே தகனம் செய்து, அஸ்தியைக் கொண்டுவந்து தேவனாம்பட்டினம் கடலில் கரைத்தோம். மூன்று மாதம் கழித்து அவனுடைய நண்பர்கள் ஒரு பெரிய பெட்டி அனுப்பினார்கள். உள்ளே ஒடுக்கு விழுந்த இரும்புத் தலைக்கவசம், பெயின்ட் அடித்த கேடயம், முழங்கால் வரை தொங்கும் ஒரு அங்கி. பழங்கால ஐரோப்பியர் போல உடுத்திச் சண்டை போடும் சங்கத்தில் 18 வருடமாக இருந்தானாம். அங்கே அவனைக் ‘கெடிலம்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். முகாமில் எல்லோருக்கும் சமைத்துப் போடுவானாம். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. “அமெரிக்கா போயும் வேஷம் கட்டிக்கிட்டுத் திரிஞ்சானா?” என்று அம்மா அழுகிறாள். பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார் அண்ணன். வருகிற மாசியில் அவர்கள் வீடியோவில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள், என்னைப் பேசச் சொல்கிறார்கள். எதுவும் தெரியாத நான் என்ன பேசுவது? ஒருமுறை போன் செய்து, தக்காளியும் மிளகாயும் இல்லாமல் ரசம் வைப்பது எப்படி என்று கேட்டான். வயிறு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: அந்த ரசத்தைக் கடைசி வரியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த மாதிரிச் சங்கங்களில் பெரியது கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1966 மே மாதம் ஒரு வீட்டுக் கொல்லையில் நடந்த விருந்தில் தொடங்கியது. 1600க்கு முந்தைய காலம்தான் அவர்கள் கணக்கு. ஆளுக்கொரு பழங்காலப் பெயர் வைத்துக்கொள்வார்கள், உடையைத் தாங்களே தைப்பார்கள். ராஜா கூட உண்டு. வாள் சண்டையில் ஜெயித்தவர் சில மாதம் ஆண்டுவிட்டு இறங்கிவிடுவார். (நம்மூர்ச் சங்கத் தேர்தல்களுக்கு இது எவ்வளவோ தேவலை.)

சமையலில் அக்கறை உள்ளவர்கள் அதிலும் அந்தக் காலத்தைப் பார்ப்பார்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492இல் கொலம்பஸ் போன பிறகுதான் வெளியே வந்தன. மிளகாய் நம் பக்கம் வந்தது போர்ச்சுகீசியர்களால். அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான். இப்போது அந்த போனை யோசித்துப் பாருங்கள். உங்கள் தம்பி வயிற்றுக்காகக் கேட்டிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. முகாமில் மற்றவர்கள் பழைய ஐரோப்பியச் சமையல் குறிப்புகளைப் புரட்டியிருப்பார்கள். இவர் அக்காவுக்கு போன் போட்டிருக்கிறார். சரியா என்று அந்த நண்பர்களிடமே கேட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு முன்னால் பேச்சைத் தொடங்க அதுவே போதும்.

அம்மாவுக்கு வருகிறேன். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவில் அவர் கூத்து பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டார். பகலெல்லாம் கரும்பு வெட்டியவர் ராத்திரி கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டி வந்து நின்றால், அவரை யாரும் ஏன் வேஷம் கட்டித் திரிகிறாய் என்று கேட்பதில்லை. விடியும்போது படுகளத்தில் விழுகிறவரைப் பார்த்து அழுகிற கிழவிகள் உண்டு. அவர் ஒருநாள் நிஜமாகவே போய்விட்டால், “நம்ம துரியோதனன் போயிட்டாரு” என்றுதான் ஊரே சொல்லும். உங்கள் தம்பியும் அப்படி ஒரு ஊர் சேர்த்து வைத்திருந்தார், அது கொஞ்சம் தூரத்தில் இருந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சிரித்துவிடுவோமோ என்று பயந்திருப்பார். சிரித்திருப்போம்தானே?

பெயரைப் பாருங்கள். வாளேந்திய வெள்ளைக்காரர்களின் பெயர் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு போயிருக்கலாம். நம் ஊர் ஆற்றின் பெயரைச் சொல்லச் சொல்லி அத்தனை பேர் நாக்கையும் பழக்கியிருக்கிறார். அப்பரும் தருமசேனர் என்ற வேறொரு பெயரில் இதே பாதிரிப்புலியூரில் இருந்தவர்தான் என்பார்கள். அவருக்கும் கெடிலக் கரையில், திருவதிகையில், ஒரு அக்கா இருந்தார். அந்த அக்காவுக்குத் தம்பி திரும்பி வந்தார். உங்களுக்கு வந்தது ஒரு பெட்டி. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, பெட்டிக்கு என்ன செய்வது? பழைய இரும்புக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் மஞ்சக்குப்பத்து உப்புக்காற்றில் சும்மா வைத்தால் அடுத்த ஐப்பசிக்குள் துரு ஏறிவிடும். மெல்லிய துணியில் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டு உள்ளும் புறமும் துடையுங்கள். மாதம் ஒருமுறை போதும். தோல் வாரில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டு, வெயில் உள்ள நாளில் நிழலில் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். அப்புறம், யாராவது நல்ல எண்ணத்தில் ஒடுக்கு எடுத்துத் தருகிறேன் என்று கிளம்புவார்கள். விடாதீர்கள்.

அந்த ஒடுக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் வாள் இரும்பில்லை, பிரம்பு. சிலம்பக்காரர்கள் சுற்றுகிற அதே பிரம்புதான், மேலே டேப் சுற்றியிருக்கும். ஆனாலும் ஓங்கி அடிப்பார்கள், அதனால்தான் இரும்புத் தலைக்கவசம். அந்தச் சண்டையில் அடி சரியாக விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்கிறவர் நடுவர் இல்லை, அடி வாங்கினவர்தான். பலமான அடி என்று தனக்குத் தோன்றினால் அவரே ஒப்புக்கொண்டு கீழே விழுவார். காலில் பட்டால் மண்டியிட்டு மிச்சச் சண்டையைப் போடுவார். ஏமாற்ற நினைத்தால் தடுக்க ஆளில்லை. 18 வருடம் அங்கே ஒருவரை வைத்துக் கொண்டாடி, செத்த பிறகு பெட்டி கட்டிச் செலவழித்து அனுப்புகிறார்கள் என்றால், அவர் எப்படி ஆடியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கூட்டத்தில் இதை அவர்களிடம் கேளுங்கள். உங்களிடம் சொல்ல அவர்களுக்கும் நிறைய இருக்கும்.

நீங்கள் பேச வேண்டியது இரண்டு நிமிடம். தமிழிலேயே பேசுங்கள், வீட்டுப் பிள்ளைகள் யாராவது இங்கிலீஷில் சொல்லட்டும். சின்ன வயதில் அவர் எப்படி இருந்தார், கெடிலத்தில் தண்ணீர் வந்தால் என்ன செய்வார் என்பதெல்லாம் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே சனிக்கிழமை மாலை 6 மணி என்றால் மாசியில் இங்கே ஞாயிறு காலை 7.30. அம்மாவும் பக்கத்தில் உட்காரலாம்.

வருஷத் திதியையும் விட்டுவிடாதீர்கள். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்க்காமல், காரத்துக்கு மிளகு மட்டும் போட்டுத் திவசச் சமையல் செய்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. உங்கள் வீட்டு வழக்கம் எதுவானாலும், இந்த முறை படையலில் அந்த ரசமும் இருக்கட்டும். கேடயத்தைப் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பதில் ஒரு தப்பும் இல்லை.

ரசத்தை எப்படி வைக்கச் சொன்னீர்கள் என்று அளவோடு எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள். எத்தனை மிளகு, எவ்வளவு புளி என்று எல்லாம். அடுத்த முகாமில் அதை வைக்க அங்கே ஆள் இல்லை.