பதினான்கு கோர் கிடக்கட்டும், பயாஸ் திறக்கிறதா பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சர்வர் நிர்வாகம் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதில் விண்டோஸ் சர்வர் ஒன்று, லினக்ஸ் நான்கு, நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வால் ஒன்று என ஆறு மெய்நிகர் கணினிகளை (ஒரே பெட்டிக்குள் மென்பொருள் உருவாக்கும் கணினிகள்) ஓட்ட வேண்டும். படுக்கையறை அலமாரியில்தான் இடம். சத்தம் கூடாது. கரண்ட் பில் ஏறினால் அம்மா பிளக்கைப் பிடுங்கிவிடுவார். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. ஒரு கடையில் ‘14 கோர் ஜியான் சர்வர், 64 ஜி.பி. ரேம்’ என்று 32,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொரு கடையில் ‘ஐ7’ பெட்டி 15,000 ரூபாய். நண்பரோ புது என்100 பெட்டி போதும் என்கிறார். எந்த மதர்போர்டு, எந்த பிராசஸர், எவ்வளவு ரேம் வாங்குவது?

பதில்: மதர்போர்டு, பிராசஸர் என்று தனித்தனியாக வாங்கிக் கோக்கவே வேண்டாம். சின்னப் பெட்டிக்கான மினி-ஐ.டி.எக்ஸ். போர்டு, பக்கத்துக்கு 170 மில்லிமீட்டர் உள்ள சதுரம், நம் ஊர்க் கடைகளில் எளிதில் அகப்படாது. அகப்பட்டாலும் அதே வசதியுள்ள பெரிய போர்டைவிட விலை கூட. அதற்கேற்ற கேபினெட், குட்டி பவர் சப்ளை, குள்ளமான கூலர் என்று தேடி முடிப்பதற்குள் உங்கள் 40,000 கரைந்துவிடும்.

வங்கிகளிலும் அலுவலகங்களிலும் மானிட்டருக்குப் பின்னால் தடித்த புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டியை மாட்டியிருப்பார்களே, அதில் பயன்படுத்திய ஒன்றை வாங்குங்கள். லெனோவோவில் திங்க்சென்டர் டைனி, டெல்லில் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி.யில் எலைட்டெஸ்க் மினி. மூன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவுதான். இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறை ஐ5 அல்லது அதற்கு மேல், 32 ஜி.பி. ரேம், கோப்புகளைச் சேமிக்க நல்ல எஸ்.எஸ்.டி. ஒன்று. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏமாறாமல் அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்பது.

முதலில் ரேம் கணக்கு. விண்டோஸ் சர்வருக்கு 4 ஜி.பி., லினக்ஸ் நான்குக்கும் தலா 2, ஃபயர்வாலுக்கு 2, இவற்றைத் தாங்கும் அடித்தள மென்பொருளுக்கு 2. கூட்டினால் 16. நாளைக்கு இன்னொரு விண்டோஸைச் சேர்க்கத் தோன்றும், கட்டாயம் தோன்றும். அதனால் 32. பிராசஸருக்குள் கணக்குப் போடும் தனித்தனிக் கூறான கோர் விஷயம் அப்படியல்ல. சமையலறையில் நான்கு அடுப்பை வைத்துக்கொண்டு பத்துப் பதார்த்தம் செய்துவிடலாம், மாற்றி மாற்றி ஏற்றி இறக்கலாம். இறக்கி வைக்க மேடை இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. கோர் என்பது அடுப்பு, ரேம் என்பது மேடை. கற்றுக்கொள்ள ஓட்டும் மெய்நிகர் கணினிகள் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். ஆறு கோர் உங்களுக்குத் தாராளம். 2025 இறுதியில் ரேம் விலை கண்மண் தெரியாமல் ஏறிவிட்டதால் இன்னொன்றும் சொல்கிறேன்: 8 ஜி.பி. பெட்டியை மலிவாக வாங்கிப் பிறகு ரேம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ரேம் உள்ளேயே இருக்கும் பெட்டியைத் தேடுங்கள்.

அந்த 14 கோர் ‘சர்வர்’ எதுவென்று நீங்கள் சொல்லாமலே தெரிகிறது. 2016இல் வந்த ஜியான் ஈ5-2680 வி4 ஆகத்தான் இருக்கும். பெரிய நிறுவனங்களின் சர்வர்களிலிருந்து கழற்றி வந்த சில்லு. அதை எக்ஸ்99 என்று பெயர் போட்ட பெயர் தெரியாத போர்டில் பொருத்தி விற்கிறார்கள். பல போர்டுகளில் போர்டை இயக்கும் சில்லான சிப்செட்டே பழைய போர்டிலிருந்து பெயர்த்தெடுத்து ஒட்டியது. அந்தப் பிராசஸரில் திரைக்கான கிராபிக்ஸ் கிடையாது, அதற்கு ஒரு கார்டு தனி. கூடவே தரும் 64 ஜி.பி. சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ரேம். பின்னால் சாதாரணக் கணினிக்கு மாற்றினால் இடுக்கில் நுழையும், கணினி ஓடாது. இதையெல்லாம் மன்னித்துவிடலாம், கரண்டை மன்னிக்க முடியாது. இரவும் பகலும் ஓடும் பெட்டியில் ஒவ்வொரு வாட்டும் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். சும்மா இருக்கும்போது 75 வாட் இழுக்கும் பெட்டி இரு மாதக் கணக்கில் 108 யூனிட் சேர்க்கும். 15 வாட் இழுக்கும் சின்னப் பெட்டி 22 யூனிட்டோடு நிற்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பது சரி. 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து மாறிவிடும் என்பதை அம்மா உங்களைவிட நன்றாக அறிவார்.

‘ஐ7’ என்று மொட்டையாகச் சொல்பவரிடம் அடுத்து வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ7-4770 என்றால் நான்காம் தலைமுறை, 2013ஆம் ஆண்டுச் சில்லு. நான்கு கோர், பழைய டி.டி.ஆர்.3 ரேம், 32 ஜி.பி.க்கு மேல் ஏற்ற வழியில்லை. 2018இல் வந்த எட்டாம் தலைமுறை ஐ5-8500டிக்கு ஆறு கோர், 35 வாட் வரம்பு. ஐ5தானே என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். பிதுக்கட்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கு, இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஃபயர்வாலுக்கு நெட்வொர்க் கார்டை நேரடியாக ஒப்படைக்க வேண்டுமானால் பிராசஸரில் ‘வி.டி.-டி’ என்ற வசதி வேண்டும். நான்காம் தலைமுறையில் சாதாரண 4770இல் அது உண்டு. அதைவிட விலை கூடிய 4770கேயில் இல்லை. முந்தைய 3770கே, 2600கே இரண்டிலும் இல்லை. 4790கே வந்தபோது திரும்பச் சேர்த்துவிட்டார்கள். அதிகப் பணம் கொடுத்தவனுக்குக் குறைந்த வசதி. இதற்கு உருப்படியான காரணத்தை இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போர்டும் ஆதரிக்க வேண்டும், பயாஸிலும், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையிலும், திறந்துவிட வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்கிறேன்: படிப்பதற்காக ஓட்டும் ஃபயர்வாலுக்கு மென்பொருளே உருவாக்கித் தரும் மெய்நிகர் நெட்வொர்க் போதும். உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

நண்பர் சொல்லும் என்100 கெட்டதல்ல. 6 வாட் வரம்பு, நான்கு சிறிய கோர். ஆனால் இன்டெல் அதற்கு எழுதி வைத்திருக்கும் ரேம் உச்சம் 16 ஜி.பி.தான். 32 போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் 40,000 ரூபாயில் அந்தப் பரீட்சை எதற்கு?

சந்தையில் இன்னொரு வலை விரித்திருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை அலுவலகங்கள் மூட்டையாகத் தள்ளிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எட்டாம் தலைமுறைப் பெட்டிக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே தெரியாது. முன்னால் ‘ஐ5’ ஸ்டிக்கரும் ஒன்றுதான். உள்ளே நான்கு கோர்தான் இருக்கும். ஸ்டிக்கரை நம்பாமல் திரையில் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி பயாஸ். ஒரு முறை இதில் நானே மாட்டிக்கொண்டேன். பழகிய கடைதான், இரண்டு பெட்டி வாங்கிவந்தேன். மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் அடித்தள மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸைப் பதிந்து முதல் மெய்நிகர் கணினியைத் தொடங்கினால், மெய்நிகராக்கம் கிடைக்கவில்லை, பயாஸில் திறந்துவிடு என்று சிவப்பில் ஒரு வரி வருகிறது. பயாஸுக்குள் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. கடைக்காரரைக் கூப்பிட்டால் ‘அது ஒன்றுமில்லை சார், பேட்டரியைக் கழற்றிப் போட்டால் போய்விடும்’ என்றார். போகாது. அலுவலகப் பெட்டிகளில் அந்தப் பாஸ்வேர்டு பேட்டரியை நம்பி இருப்பதில்லை, தனிச் சில்லில் பதிந்திருக்கிறது. சில மாதிரிகளில் போர்டில் உள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்பை மாற்றினால் அழியும். முந்தைய அலுவலகம் அந்த வழியையும் அடைத்திருந்தால் போர்டையே மாற்ற வேண்டியதுதான். விற்கும் முன் பாஸ்வேர்டை நீக்குவது அந்த அலுவலகத்துக்கு ஒரு நிமிட வேலை. ஆயிரம் பெட்டிகளை ஒரே கையெழுத்தில் ஏலத்துக்கு விடுகிறவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. பெட்டி மூன்று கை மாறி நம்மிடம் வரும்போது பாஸ்வேர்டு தெரிந்தவர் வேலையே மாறிப் போயிருப்பார்.

ஆகவே பணத்தைக் கொடுக்கும் முன் கடையிலேயே பெட்டியை ஓட்டுங்கள். லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10. பயாஸ் கேள்வி கேட்காமல் திறக்க வேண்டும். மெய்நிகராக்கத்துக்கான இரண்டு வரிகளையும் (வி.டி.-எக்ஸ், வி.டி.-டி) ‘எனேபிள்ட்’ ஆக்கிச் சேமித்து, அணைத்துப் போட்டு, மறுபடி உள்ளே போய் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். அவசரப்படுத்துகிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

அடாப்டரையும் பாருங்கள். டெல் பெட்டிகள் தங்கள் அடாப்டரை அடையாளம் கண்டுகொள்ளும். போலியைச் செருகினால் எச்சரித்துவிட்டு பிராசஸரை ஆமை வேகத்துக்கு இறக்கிவிடும்.

பில் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்பார்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இருந்தாலே சர்வீஸ் சென்டரில் நான்கு நடை நடக்கவிடுகிறார்கள். இல்லாவிட்டால் வாசலோடு சரி.

எஸ்.எஸ்.டி.யை மட்டும் புதிதாக வாங்குங்கள், 1 டி.பி. போதும். அதன் அட்டையின் மேல் வேகத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எத்தனை டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்ற எண். மெய்நிகர் கணினிகள் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். 1 டி.பி. அளவில் சாம்சங் 970 ஈவோ பிளஸுக்கு அந்த எண் 600, குருஷியல் பி3க்கு 220. மூவாயிரம் ரூபாய்க்கு 4 டி.பி. என்று யாராவது நீட்டினால் அது எஸ்.எஸ்.டி.யே அல்ல, 4 டி.பி. என்று பொய் சொல்லப் பழக்கிய சின்ன மெமரி கார்டாக இருக்கும். ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டு இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையின் பக்கம் போகாதீர்கள், பிராக்ஸ்மாக்ஸ் தானாகத் தேர்ந்தெடுப்பதே போதும். பேக்கப் மட்டும் தனியாக வெளி ஹார்ட் டிஸ்க்கில்.

பிராக்ஸ்மாக்ஸ் இலவசம். உங்கள் பயிற்சி மையம் இன்னும் அதே வேலையைச் செய்யும் வி.எம்.வேர்தான் சொல்லிக்கொடுக்கும் என்று நினைக்கிறேன். அதன் இலவசப் பதிப்பை 2024 பிப்ரவரியில் நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள். மறுபடி எப்போது பிடுங்குவார்கள் என்று காத்திருப்பது படிக்கிறவன் வேலையல்ல.

கடைசியாக, மின்வெட்டு. வீட்டு இன்வெர்ட்டரில் ‘யு.பி.எஸ்.’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், பெரும்பாலும் பின்பக்கத்தில். அதை அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் கரண்ட் மாறும் இடைவெளியில் பெட்டி அணைந்துவிடலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலை 5 மணிக்கு வரும்போது நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழுந்துகொள்ள ஒரு வரியை மாற்றி வைக்க வேண்டும். அந்த வரியும் பயாஸுக்குள்தான் இருக்கிறது.