அம்மா பிரஷ்ஷைப் பார்த்தாலே வாயை மூடிக்கறாங்க...

கேள்வி: எங்க அம்மாவுக்கு டிமென்ஷியா, அதான் மறதி நோய். முன்னாடி அவங்களே பல்லு தேய்ச்சுக்குவாங்க, இப்போ நான் பிரஷ்ஷை எடுத்தாலே வாயை இறுக்கி மூடிக்கறாங்க, கையைத் தட்டி விடறாங்க. இருக்கறதே பாதிப் பல்லுதான், எதுக்குப் போட்டுப் படுத்தற, விட்டுடுன்னு வீட்ல சொல்றாங்க. விட்டுடலாமா டாக்டர்?

பதில்: விட்டுடாதீங்கம்மா. அந்தப் பாதிப் பல்லுல ஒண்ணு சொத்தையானாக்கூட வலிக்குதுன்னு அவங்களுக்குச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளி விடுவாங்க, கன்னத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பாங்க, ராத்திரி தூங்காம கத்துவாங்க, நாம நோய் முத்திடுச்சு போலன்னு நினைச்சு உட்கார்ந்திருப்போம். பிரஷ்ஷைத் தடுக்கறதுக்கும் வலியே காரணமா இருக்கலாம், அதனால முதல்ல ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க, தள்ளிப் போடப் போட அவங்க வாயைத் திறந்து ஒத்துழைக்கறது குறைஞ்சுக்கிட்டேதான் போகும். வாயில சேர்ற கிருமி எச்சிலோட நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா வர்றதும் உண்டு.

வலி எதுவும் இல்லைன்னா பயம்தான் காரணமா இருக்கும். எதிர்ல நின்னு ஒருத்தர் வாய்க்குள்ள எதையோ விடறாங்கன்னா, அது என்னன்னே புரியாதவங்க தடுக்கத்தானே செய்வாங்க, அதைப் பிடிவாதம்னு எடுத்துக்காதீங்க. பாத்ரூம்லதான் செய்யணும்னு இல்ல, அவங்களுக்குப் பிடிச்ச நாற்காலியில நிமிர்ந்து உட்கார வெச்சு, நீங்க பக்கவாட்டுல இருந்துக்கிட்டு, பிரஷ்ஷை அவங்க கையிலயே குடுத்து அது மேல உங்க கையை வெச்சு மெதுவா ரெண்டு தடவை தேய்ச்சு விடுங்க, அப்புறம் அவங்க கையே தானா நகர ஆரம்பிக்கலாம். இல்லைன்னா இன்னொரு பிரஷ்ஷைப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு நீங்க தேய்ங்க. முடியவே இல்லையா, அப்படியே விட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சு வாங்க, வாயைப் பிடிச்சுத் திறக்க மட்டும் கூடவே கூடாது, பல்லுக்கு நடுவுல விரலையும் விடாதீங்க.

சின்னத் தலை, மென்மையான நார் இருக்கற பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட் போதும், ஃப்ளோரைடு 1350-லருந்து 1500 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கற அளவு) இருக்கான்னு பார்த்து வாங்குங்க. தேய்ச்சதும் துப்பினா போதும், கொப்பளிக்க வேணாம். விழுங்கறதுல கஷ்டம் இருந்தா நுரை அதிகம் வராத பேஸ்ட்டை லேசாத் தடவினாப் போதும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, ஒண்ணுதான் முடியும்னா ராத்திரி. சாப்பிட்டதும் கன்னத்துக்குள்ள சோறு ஒதுங்கி இருக்கான்னும் பாருங்க, நிறைய பேர் அப்படி அடக்கி வெச்சுக்குவாங்க. மனச்சோர்வுக்கு, அடிக்கடி சிறுநீர் வர்றதுக்குக் குடுக்கற மாத்திரைங்கள்ல பல வாயை உலர்த்தும், எச்சில் குறைஞ்சா பல் வேர்ல சொத்தை சீக்கிரம் விழும், டாக்டர்கிட்ட மாத்திரைப் பட்டியலைக் காட்டிக் கேளுங்க.

கேள்வி: அப்பா ராத்திரி பல் செட்டைக் கழட்டவே விட மாட்டேங்கறார், பரவாயில்லையா?

பதில்: ராத்திரி கழட்டறதுதான் நல்லது, இல்லைன்னா அதுக்கு அடியில பூஞ்சைத் தொற்று வரலாம். ரொம்ப முரண்டு பண்ணினா பகல்ல கொஞ்ச நேரமாவது கழட்டி, ஈறையும் மென்மையான பிரஷ்ஷால துடைச்சு விடுங்க. செட்டை சோப்புத் தண்ணில தேய்ச்சுக் கழுவி பச்சைத் தண்ணில போட்டு வைங்க, கொதிக்கற தண்ணி வேணாம், வளைஞ்சுடும். திடீர்னு செட்டே வேணாம்னு தள்ளினார்னா அது லூஸா இருக்கலாம், இல்ல உள்ள புண்ணு இருக்கலாம், அன்னிக்கே வாயைத் திறந்து பாருங்க.